பதக்கம் வாங்கியும் காசு போச்சு

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் பிரிட்டன் வாங்கிய தங்கம் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. படகோட்டத்தில் ஸ்டீவ் ரெட்கிரேவும் மேத்யூ பின்சென்ட்டும் வாங்கித் தந்தது. பட்டியலில் 36-வது இடம். இருபதே வருஷத்தில், 2016 ரியோவில் 27 தங்கம். சீனாவையும் முந்தி இரண்டாம் இடம். நடுவில் என்ன ஆச்சு?

லாட்டரிச் சீட்டு! நம்மூரில் லாட்டரி என்றாலே குடும்பம் கெட்ட கதைதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் 2003-ல் தடையே போட்டாச்சு. அங்கே 1994-ல் தொடங்கிய தேசிய லாட்டரியில் ஒரு பங்கு விளையாட்டுக்கும் போகிறது. 1997-லிருந்து அந்தப் பணத்தையும் அரசுப் பணத்தையும் உச்சநிலை வீரர்களுக்குப் பங்கிடுவது யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பு. வீரர்கள் பிழைப்புக்கு வேறு வேலை தேடாமல் முழுநேரமும் பயிற்சி எடுக்க முடிந்தது.

பங்கிடும் விதிதான் சுவாரசியம். விளையாட்டு எவ்வளவு பிரபலம், எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. அடுத்த ஒலிம்பிக்ஸிலோ அதற்கடுத்ததிலோ பதக்கம் வருமா? வரும் என்றால் பணம், இல்லையென்றால் பூஜ்யம்.

இப்போது கூடைப்பந்தை எடுத்துக்கோங்க. நகரத்து ஏழைப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம். ஒரு பந்து, ஒரு வளையம் இருந்தால் போதும். ஆனால் 12 பேரைத் தயார் செய்தாலும் பட்டியலில் ஏறப்போவது ஒரே பதக்கம். அதற்கும் அமெரிக்காவோடு மோத வேண்டும். சைக்கிளில் ஒரே ஆள் ஒரே ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம் வாங்கலாம். 2008-ல் கிறிஸ் ஹாய் வாங்கினார். ஒரு பதக்கத்துக்கு எவ்வளவு செலவு என்று பார்த்தால் கூடைப்பந்து தேறவே தேறாது. 2014-ல் அதன் நிதி நின்றது.

பூப்பந்து கதை இன்னும் மோசம். ரியோவில் ஆண்கள் இரட்டையரில் வெண்கலம், அதாவது சொன்ன இலக்கை எட்டியாச்சு. அதே டிசம்பரில் டோக்கியோவுக்கான நிதி மொத்தமாக வெட்டு! போன தடவை ஜெயித்தாயா என்று விதி கேட்பதில்லை, அடுத்த தடவை ஜெயிப்பாயா என்றுதான் கேட்கிறது. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன், ஆனால் விதிப்படி சரி.

அடிமட்ட விளையாட்டுக்குத்தான் ஸ்போர்ட் இங்கிலாந்து என்று தனி அமைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் தெருமுனையில் பந்து தட்டும் பிள்ளை நன்றாக ஆட ஆரம்பித்த பிறகு எங்கே போவான்? மேலே ஏறும் படியைத்தானே எடுத்துவிட்டார்கள்? சில வருஷம் கழித்து விதி கொஞ்சம் தளர்ந்து, இரண்டு ஆட்டங்களுக்கும் பணம் சிறிய அளவில் திரும்பியது. நடுவில் பதினெட்டு வயசைத் தாண்டியவர்களுக்கு அது உதவவில்லை.