ரயிலடியில் ஒரு பழைய வீடு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, அந்தப் பாதையை ஒட்டிய பேட்டைகளில் குடியிருப்பதை நகரவாசிகள் ஒரு பெரும் சௌகரியமாகவே கருதி வந்திருக்கிறார்கள். மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் ஆகிய நிலையங்களிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தெருக்களில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடங்கள் இன்றும் ஏராளமாக உள்ளன. புதுக் கட்டடத்தின் பளபளப்பு இவற்றில் இல்லையென்பது மெய்யே. ஆயினும், தினந்தோறும் வேலைக்குப் போய்த் திரும்புவதிலேயே மூன்று மணி நேரத்தைச் செலவிட்டுக்கொண்டு நகரின் எல்லையில் வாழ்வதைக் காட்டிலும், ரயிலடிக்கு அருகே உறுதியான பழைய வீடொன்றில் வாடகைக்கு இருப்பதே குடும்பத்துக்கு உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால், உறுதியானது எது, வெள்ளையடித்து உறுதிபோலத் தோற்றுவிக்கப்பட்டது எது என்று பகுத்தறியும் பொறுப்பு வீடு பார்க்க வருகிறவரையே சார்ந்தது.

பழைய கட்டடத்தில் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கான்கிரீட்டினுள் புதைந்திருக்கும் கம்பி ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும்போது, அந்தத் துரு மூல இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பிப் பிளந்து, ஒருநாள் பெரிய பெரிய சில்லுகளாகக் கீழே தள்ளிவிடுகிறது. குளியலறையின் மேற்கூரையிலும், பால்கனியின் அடிப்பகுதியிலும், நேர்கோடாக ஓடும் பழுப்பு நிறக் கறையோ மயிரிழை போன்ற வெடிப்போ தென்பட்டால், அங்கே கம்பி அரிக்கப்பட்டு வருகிறது என்றே கொள்ளலாம். துடைப்பக் கட்டையின் நுனியால் மெல்லத் தட்டினால், பிடிப்புள்ள பூச்சு கணீரென்றும், விட்டுப்போன பூச்சு பொக்கென்றும் ஒலிக்கும். அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் பிறகு மறக்கமாட்டார். மேல்மாடி வீடாயின், மொட்டை மாடிக்கும் ஏறி, தட்டோடுகளின் இடுக்குகளில் செடி முளைத்திருக்கிறதா, மழைநீர் வடியும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பரிசீலிப்பது அவசியம். தரைத்தள வீடாயின் கேள்வி வேறு. தியாகராய நகர் 1920களில் ஓர் ஏரிப் படுகையில் உருவானது. ரயில் பாதைக்கு மேற்கேயுள்ள மேற்கு மாம்பலமும் தாழ்வான பிரதேசந்தான். ஆகவே, 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் இந்த வீட்டினுள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை எதிர்வீட்டுக்காரரிடம் விசாரித்துவிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மெட்ரோ வாட்டர் குழாய் நேரே ‘சம்ப்’பில் விழுகிறதா, போர்வெல் உப்புக் கரிக்கிறதா, மோட்டார் எந்த வேளையில் ஓடுகிறது, லாரித் தண்ணீர் வாங்க நேரிட்டால் அதன் செலவு மாதாந்தர மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியே வசூலிக்கப்படுமா என்பனவற்றை வீட்டுக்காரரிடமன்றி, அதே கட்டடத்தில் குடியிருக்கும் பெண்களிடம் கேட்பதே உத்தமம்; 2019ஆம் ஆண்டுக் கோடையில் நள்ளிரவில் குடங்களுடன் விழித்திருந்தவர்கள் அவர்களே. மின்சார விஷயத்தில், ஈ.பி. மீட்டர் அந்த வீட்டுக்கென்றே தனியாக உள்ளதா என்று பார்த்தால் போதும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை அந்த இணைப்பைப் பொறுத்தே கிடைப்பதால், வீட்டுக்காரர் வைத்த துணைமீட்டர்ப்படி அவர் சொல்லும் விலையைக் கொடுக்கிறவர் அதை இழந்துவிடக்கூடும்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். பத்து மாத அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம், காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென ஒரு மாத வாடகை பிடித்தம் என்பன சென்னையில் வெகுகாலமாக வேரூன்றிய சம்பிரதாயங்கள். பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டமோ, வாடகை ஒப்பந்தம் எழுத்துமூலமே அமைய வேண்டுமென்றும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டுமென்றும் விதிக்கிறது. வேறுவிதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. தகராறு எதுவாயினும் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது என்கிறது. ‘வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி’ என்ற அந்த ஒரு வாசகத்தின் வழியாகவே பத்து மாத வழக்கம் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது. ஆகையால், கையொப்பமிடுவதற்கு முன் பேரம் பேசுவதைக் கௌரவக் குறைவாக எவரும் நினைக்கலாகாது.

இந்தப் பழைய கட்டடங்களுக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. ரயிலடிக்கு அருகிலுள்ள மனையின் மதிப்பு கட்டடத்தின் மதிப்பைப் பன்மடங்கு விஞ்சிவிட்டபடியால், இடித்துவிட்டு உயரமாகக் கட்டித் தருவதாகக் கட்டுமான நிறுவனங்கள் உரிமையாளர்களை அணுகிய வண்ணம் இருக்கின்றன. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தாலே மறுகட்டுமானத்துக்கு வழி பிறந்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தில் வாடகைதாரருக்கு வாக்கு இல்லை. பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, ஆறே மாதத்தில் மூட்டை கட்ட நேர்வது சாமானியக் கஷ்டமன்று. கட்டடத்தின் சங்கச் செயலாளரை நேரில் கண்டு, அத்தகைய பேச்சு நடக்கிறதா என்று கேட்பதோடு, இடிக்கும் பட்சத்தில் இத்தனை மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் முழுவதும் சாவி கொடுக்கும் நாளன்றே, என்னும் இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நாணயமான வீட்டுக்காரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். மறுக்கிறவரின் வீடு எத்தனை அழகாயிருந்தாலும், அடுத்த தெருவில் தொங்கும் ‘டு-லெட்’ பலகையை நோக்கி நடந்துவிடுங்கள்.