பழைய தமிழ்க் கோப்பில் எழுத்து குழம்புகிறதா? மீட்டுத் தரும் சிறு மென்பொருள்கள்

கோலார் தங்கவயல்: இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழில் தட்டச்சு செய்து சேமித்த கடிதம் ஒன்றை இன்றைய கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே பல நேரங்களில் கண்ணில் படுகின்றன. கோப்பு பழுதாகிவிட்டது என்று கருதி அதை அழித்துவிடுவோரும் உண்டு. உண்மையில் அதிலுள்ள தமிழ் அழிந்துவிடவில்லை. இலவசமாகக் கிடைக்கும் சில சிறு மென்பொருள்களைக் கொண்டு அதைச் சில நிமிடங்களில் மீட்க முடியும்.

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் போன்ற ஊர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. சுரங்க வேலைக்காக வட ஆற்காடு உள்ளிட்ட பகுதிகளில் இருந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இந்நகரில் தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது. 120 ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய இங்குள்ள தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. கணினித் தமிழில் எழுத்துருக் குழப்பம் மிகுந்திருந்த காலமும் அதுவே. அந்த ஆண்டுகளில் தட்டச்சான மனுவோ, சங்க அறிக்கையோ, விழா மலரோ, குடும்பக் கடிதமோ பழைய குறுந்தகட்டில் எஞ்சியிருந்தால், அதைப் படிக்க இம்மென்பொருள்கள் தேவைப்படும்.

எழுத்து ஏன் குழம்புகிறது?

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. தமிழ் எழுத்துரு உருவாக்கியவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலோ எஞ்சிய இடங்களிலோ தமிழ் வடிவங்களை வைத்தனர். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தனர்.

எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது 'தமிழ்' எனத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகள் பலவாறு நடந்தன. இணையத்தில் இயங்கிய தமிழ் ஆர்வலர்கள் திஸ்கி குறியாக்கத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக ஏற்கப்பட்டன. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உள்ளது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இன்று கைப்பேசி முதல் இணையம் வரை அனைத்திலும் இயங்குவது யூனிகோடுதான்.

மாற்றி செய்யும் வேலை

பழைய குறியாக்கத்தில் உள்ள உரையை யூனிகோடாக மாற்றும் மென்பொருள் 'எழுத்துரு மாற்றி' எனப்படுகிறது. சென்னையைச் சேர்ந்த நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் இவ்வகையில் பலரும் அறிந்தது. பைத்தான் மொழி அறிந்தவர்களுக்கு, திறமூல நிரல்தொகுப்பான ஓப்பன் தமிழில் இதே வேலையைச் செய்யும் பகுதி உள்ளது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே நேரத்தில் மாற்ற அது உதவும்.

ஓர் எழுத்துக்கு மற்றோர் எழுத்தை மாற்றி வைப்பதுடன் இவ்வேலை முடிந்துவிடுவதில்லை. 'கோலார்' என்ற சொல் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது: முதலில் கொம்பு, பின்னர் க, கால், ல, கால், ர, புள்ளி என மொத்தம் 7 குறிகள். யூனிகோடில் ஒலிக்கும் வரிசையே கணக்கு: க, அதன்பின் ஓகாரக் குறி, ல, கால், ர, புள்ளி என 6 குறிகள். கொம்பையும் காலையும் ஒன்றாக்கி, ககரத்துக்குப் பின்னால் கொண்டுவந்து வைப்பதே மாற்றியின் முக்கியப் பணியாகும்.

இவ்வரிசை தவறினால் அச்சில் ஓரளவு சரியாகத் தோன்றும் சொல்லும் தேடலில் கிடைக்காது. எனவே மாற்றிய கோப்பில் ஒகர, ஓகார, ஔகாரச் சொற்கள் சிலவற்றைத் தேடிப் பார்ப்பது எளிய சோதனையாகும். தேடலில் அவை கிடைத்தால், மாற்றம் சரியாக நடந்துள்ளது எனப் பெரும்பாலும் நம்பலாம்.

ஆங்கிலம் கலந்த கோப்புகளில் மற்றொரு சிக்கல் உண்டு. தங்கத்தைக் குறிக்கும் 'கோல்ட்' என்ற சொல் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருந்தால், பாமினி மாற்றி அதையும் தமிழ் எனக் கருதி 'பழடன' என்று மாற்றிவிடும். சுரங்கங்களின் பெயர், நிறுவனப் பெயர், முகவரி ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அப்பகுதிகளைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, எஞ்சியதை மட்டும் மாற்றுவது நல்லது.

புதிதாகத் தட்டச்சு செய்ய

பழைய கோப்பை மீட்பது ஒரு பாதி என்றால், புதிய கோப்பை யூனிகோடிலேயே உருவாக்குவது மறுபாதி. இதற்கும் சிறு மென்பொருள்கள் பல வந்தன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், விசுவநாதன் உருவாக்கிய அழகி, முகுந்தராஜின் எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. பாமினி, பழைய தட்டச்சுப்பொறி போன்ற விசை அமைப்புகளில் பழகியவர்கள், கைப்பழக்கத்தை மாற்றாமலேயே யூனிகோடில் எழுத இத்தகைய மென்பொருள்கள் வழி செய்தன.

இப்போதைய விண்டோஸ் கணினிகளில் தமிழ்99 விசைப்பலகையும், ஒலிப்பு முறை விசைப்பலகையும் உள்ளன. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ்99 முறையில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என 4 விசைகளே தேவை. முதல் மகரத்துக்குப் புள்ளி தானாகவே விழும்.

தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே படிவத்தில் இடம்பெறும் தங்கவயல் போன்ற ஊர்களுக்கு யூனிகோடு மேலும் ஒரு வசதியைத் தருகிறது. கன்னடத்துக்கும் அதில் தனிப் பகுதி இருப்பதால் மூன்று மொழிகளும் ஒரே கோப்பில் மோதலின்றி இருக்கும். நுடி, பரஹா ஆகிய கன்னட மென்பொருள்களின் பழைய எழுத்துருக்களில் உருவான கோப்புகளுக்கும் இதேபோல் மாற்றம் தேவைப்படும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது. நகல் எடுத்து, நகலையே மாற்ற வேண்டும்.

இரண்டாவதாக, எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால், கோப்பை வேர்டில் திறந்து உரையைத் தேர்வு செய்தால் எழுத்துருவின் பெயர் மேற்பட்டையில் தெரியும். அது கிடைக்காதபோது, ஒரு பத்தியை மட்டும் எடுத்து ஒவ்வொரு குறியாக்கமாக மாற்றிப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, ஓய்வூதியம், நிலம், வங்கிக் கணக்கு தொடர்பான ஆவணங்களை அறிமுகமற்ற இணையதள மாற்றிகளில் ஒட்டக் கூடாது. இணைய இணைப்பின்றிக் கணினியிலேயே இயங்கும் மாற்றியே பாதுகாப்பானது.

நான்காவதாக, தட்டச்சு மென்பொருள் நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் படிக்கும் திறன் உடையது. ஆகவே அதை உருவாக்கியவர்களின் தளத்தில் இருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும்.

இறுதியாக, மாற்றிய உரையை ஒருமுறையேனும் மூலத்தின் அச்சுப்படியுடன் ஒப்பிட வேண்டும். பெயர்கள், முன்னெழுத்துகள், தேதிகள், தொகைகள் ஆகியவற்றை முதலில் சரிபார்ப்பது அவசியம். ஆவணத்தில் ஒரு பெயர் பிழையாகப் பதிவானால், அதைத் திருத்த அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். கணினி முன் செலவிடும் சில நிமிடங்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கும்.