வயிறு சொல்லும் சேதி – 9: வாசல் மூடாத இரவு

சென்ற வாரம் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் கதையில் நிறுத்தியிருந்தோம். 1822-இல் அமெரிக்காவின் மக்கினா தீவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்துக்கொண்டவர். டாக்டர் வில்லியம் பியூமாண்ட் பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே விட்டு, அது கரைவதைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். இறைச்சியையே கரைக்கும் அந்தச் சாறு, அது ஊறும் வயிற்றை ஒன்றும் செய்வதில்லை. அதே சாறு நாலு விரற்கடை மேலே ஏறினால் மட்டும் நெஞ்சு ஏன் அப்படிக் காந்துகிறது?

வயிற்றின் உட்சுவரில் மெழுகிவிட்டதுபோல ஒரு சளிப்படலம் இருக்கிறது. அமிலத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த படலம். உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. குழாயும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசைதான் காவல். நாம் விழுங்கும்போது திறந்து வழிவிட்டு, உடனே சுருக்குப்பை வாய்போல மூடிக்கொள்ளும். அது தளர்ந்துபோனாலோ, வேண்டாத நேரத்தில் திறந்தாலோ அமிலம் மேலே வருகிறது. நெஞ்செரிச்சல் உள்ள பெரும்பாலோருக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதில்லை. சுரக்க வேண்டியதுதான் சுரக்கிறது. இருக்கக் கூடாத இடத்துக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் பாட்டிமார் இதற்கு வைத்திருந்த சொல் எதுக்களிப்பு. "சாப்பிட்டது எதுக்களிக்குதுடா" என்பார்கள். உள்ளே போனது திரும்பி மேலே வருகிறது என்று நோயின் போக்கையே சொல்லிவிடும் சொல் அது. அசிடிட்டி என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்த பிறகு நம் கவனமெல்லாம் அமிலத்தின் மேல் போய்விட்டது. எதைக் குடித்து அதை அணைக்கலாம் என்றே தேடுகிறோம். வாசல் ஏன் மூடவில்லை என்று கேட்பதில்லை.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு வீடு வரப் பத்தரை ஆகிவிடும். குளித்து, சாப்பிட்டு, பதினொன்றேகாலுக்குப் படுத்துவிடுவார். ஒரு மணி வாக்கில் இருமல் சத்தம் கேட்கும். பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பார். அம்மா ஒரு டம்ளர் பால் ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார். குடித்ததும் இதமாக இருக்கும், போய்ப் படுப்பார். மூன்று மணிக்கு மறுபடியும் திண்ணை. புளிக்குழம்பை நிறுத்திப் பார்த்தோம், மிளகாயைக் குறைத்துப் பார்த்தோம். அவருக்கு நாக்கு செத்துப்போனதுதான் மிச்சம்.

அவரைத் தூங்க வைத்தது நான்கு செங்கற்கள். ஒரு மருத்துவர் சொன்னபடி, கட்டிலின் தலைமாட்டுக் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல்லைப் படுக்கையாக அடுக்கினோம். ஆறு அங்குல உயரம் வந்தது. கால் வழுக்கிவிடக் கூடாதென்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி, அப்பாவே செங்கல்மேல் விரித்தார். கூடவே அம்மா இன்னொன்று செய்தார். எட்டு மணிக்கெல்லாம் தூக்குச்சட்டியில் இட்லியைக் கடைக்கே கொடுத்தனுப்பினார். ஒரு மாதத்துக்குள் நடுச்சாமத்துத் திண்ணை காலியாகிவிட்டது.

நிற்கும்போதும் உட்காரும்போதும் அமிலம் தானாகவே கீழே நிற்கும். படுத்துவிட்டால் வயிறும் உணவுக்குழாயும் ஒரே மட்டம். வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் அந்தத் தளர்ந்த தசை எவ்வளவுதான் தடுக்கும்? அதனால்தான் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது, முடிந்தால் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். தலைக்கு மூன்று தலையணை அடுக்குவது பயன்படாது. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறுதான் கூடுதலாக அழுந்தும். தலை முதல் கால் வரை உடம்பு சரிவாகக் கிடக்க வேண்டும். பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை சாய்வாக வரும்படி மெத்தையை மடித்து வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். வயிற்றின் பெரும்பகுதி இடப்புறம் இருப்பதால் அமிலம் கீழே தேங்கும், வாசல் மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் வாசல் அமிலத்துக்குள் மூழ்கும்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பது உண்மைதான். கண்ணைச் சொக்கினால் நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், படுக்க வேண்டாம்.

அம்மா கொடுத்த பாலுக்கு வருகிறேன். பால் தொண்டையில் இறங்கும்போது எரிச்சலைத் தணிக்கும். ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் வயிற்றை மேலும் அமிலம் சுரக்கச் செய்யும். அப்பா மூன்று மணிக்கு மறுபடி எழுந்ததில் அந்தப் பாலுக்கும் பங்கு இருந்திருக்கலாம். புதினாவும் அப்படித்தான். செரிமானத்துக்கு நல்லது என்று மெல்லுகிறோம், அதுவோ சுருக்குத் தசையைத் தளர்த்தக் கூடியது. காபி, சாக்லேட், மது, புகை ஆகியவையும் தசையைத் தளர்த்துகின்றன. எண்ணெய்ப் பலகாரம் வயிற்றை விட்டு நகரவே நேரமாகும். இரவு பதினோரு மணிக்குச் சால்னா ஊற்றிய பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, மதியம் சாப்பிட்ட ரசத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். உங்களுக்கு ஆகாத இரண்டு மூன்றை மட்டும் விட்டால் போதும்.

சீரகத் தண்ணீரும் மோரும் இதமாக இருந்தால் குடியுங்கள், தடையில்லை. ஆனால் அவற்றால் வாசல் இறுகாது. ஆப்பிள் வினிகர் வேண்டாம், புண்பட்ட குழாயில் அது இன்னொரு அமிலம். அதிமதுரத்தை நாள்தோறும் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஆப்ப சோடாவில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது.

தொப்பை குறைந்தால் எரிச்சல் குறையும், இதில் சந்தேகமே இல்லை. உள்பாவாடை நாடாவையும் பெல்ட்டையும் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். சாப்பிட்ட கையோடு குனிந்து வீடு துடைக்காதீர்கள். வயிறு எழுந்து தாழும்படி நிதானமாக மூச்சு விடப் பழகுங்கள். அந்தச் சுருக்குத் தசையை வெளியிலிருந்து பிடித்திருப்பது, அப்படி மூச்சு விடும்போது வேலை செய்யும் உதரவிதானம்தான்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் எடுத்த ஒமிப்ரசோல் வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும். குறைப்பதை மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகச் செய்யுங்கள். சாப்பாடு நெஞ்சில் சிக்கினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவதுபோல வலித்து, வியர்த்துக் கொட்டி, வலி தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால், கேஸ் என்று சொல்லிச் சோடா தேடாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். யாருக்காகவும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.