நாய்க்குட்டியின் இரவு ஷிப்ட்

வடசென்னையில் இரவு முழுக்க அடங்கிக் கிடக்கும் தெரு குறைவு. எண்ணூர், மணலி பக்கத்து ஆலைகளில் இரண்டாம் ஷிப்ட் முடித்தவர் பத்தரை, பதினொன்றுக்கு வீடு சேர்கிறார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் நள்ளிரவு தாண்டியதுமே கிளம்பிவிடுகிறார்கள். விடியும் முன்பே தண்ணீர் பிடிக்க வீட்டில் ஒருவர் எழுந்தாக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் எந்நேரமும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மாதக் குட்டியை வளர்ப்பது ஆகாத காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இரவில் குட்டிக்கு வேண்டியது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கண் விழிக்கும் ஓர் ஆள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பல வீடுகளில் அப்படி ஓர் ஆள் ஏற்கெனவே இருக்கிறார்.

ஏன் மூன்று மணி நேரம்? பிறந்த குட்டியால் தானாக ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் நக்கிக் கொடுத்தால்தான் சிறுநீரும் மலமும் வெளியேறும். வெளியேறுவதைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். அதனால்தான் குட்டி போட்ட இடம் முதல் சில வாரங்கள் நாற்றமில்லாமல் இருக்கிறது. மூன்று வாரம் ஆனதும் குட்டிகள் தள்ளாடியபடி படுக்கையை விட்டு நகர்ந்து ஓரமாகப் போய் இருந்துவிட்டு வரத் தொடங்குகின்றன. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற உணர்வு நாய்க்கு இயல்பிலேயே உண்டு. பிற்பாடு நாம் கொடுக்கும் பழக்கமெல்லாம் இந்த ஒரு உணர்வின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் உணர்வு வந்த வேகத்துக்கு உடம்பு வளர்வதில்லை. சிறுநீர்ப்பை சிறியது. அதன் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசைக்கும் மூளைக்கும் இடையே கட்டுப்பாடு முழுதாக அமையப் பல மாதங்கள் ஆகும். வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டினால், குட்டி அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தோராயமாகத் தெரியும். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். தூங்கும்போது தண்ணீர் குடிப்பதில்லை, ஓடியாடுவதும் இல்லை என்பதால் இன்னும் சற்றுத் தாங்கலாம். அதற்கு மேல் அடக்கு என்று எதிர்பார்ப்பதும், அடக்கவில்லை என்று அடிப்பதும் அநியாயம். செய்த இடத்தில் மூக்கைத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது, இந்த மனிதர் கண் முன்னால் போகக் கூடாது என்பதை மட்டுமே. அடுத்த முறை கட்டிலுக்கு அடியிலோ அரிசி டின்னுக்குப் பின்னாலோ போய் இருந்துவிட்டு வரும்.

இனி இரவுக் கணக்கு. கடைசிச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும் என்பதால், சாப்பிட்ட ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் குட்டி மலம் கழிக்க இடம் தேடும். அந்த நேரத்தில் கூடவே இருக்க வேண்டும். இரவில் ஒண்ணுக்குப் போகக் கூடாது என்று சாயங்காலமே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள் சிலர். சென்னையின் புழுக்கத்தில் அது கொடுமை. படுப்பதற்குச் சற்று முன்பு எடுத்தால் போதும். பாக்கெட் பாலும் வேண்டாம். நாய்ப்பாலைவிடப் பசும்பாலில் லாக்டோஸ் அதிகம். பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ராத்திரி முழுக்க வீடு நாறுகிறது என்று வருந்தும் வீடுகளில், முதலில் பால் கிண்ணத்தை நிறுத்திப் பாருங்கள் என்றே சொல்வேன்.

பதினொரு மணிக்கு ஷிப்ட் முடித்து வருபவர் படுக்கும் முன் ஒருமுறை வெளியே கொண்டுபோகலாம். இரண்டு மணிக்குக் கடலுக்குக் கிளம்புபவர் ஒருமுறை. ஐந்து மணிக்குக் குடத்தோடு எழுந்திருப்பவர் ஒருமுறை. யாரும் குட்டிக்காகத் தனியாக எழ வேண்டியதில்லை. பகல் வேலை மட்டுமே இருக்கும் வீட்டில் ஒருவர் அலாரம் வைக்க வேண்டும்; அதுவும் கொஞ்ச நாள்தான். நான்கு மாதத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை போதும், ஆறு மாதத்துக்குள் அநேகக் குட்டிகள் விடியும்வரை தாங்கும்.

அந்த இரண்டு மணி வேலை எப்படி நடக்க வேண்டும்? குட்டி தூக்கத்தில் காலை உதறும், முனகும். அது கனவுத் தூக்கம், எழுப்ப வேண்டாம். ஆனால் எழுந்து நின்று, மூக்கைத் தரையில் வைத்து ஒரே இடத்தைச் சுற்றி வந்தால் நேரம் வந்துவிட்டது. நடத்திக் கூட்டிப்போனால் வாசற்படிக்குள்ளேயே முடித்துவிடும். இரண்டு கைகளாலும் தூக்கிக்கொள்ளுங்கள். பெரிய விளக்கைப் போட வேண்டாம். வழக்கமான இடத்தில் இறக்கிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். குட்டி பின்காலை மடக்கும் நொடியில், "ஒண்ணுக்கு" என்றோ வேறெதுவோ, எப்போதும் ஒரே சொல்லை மெல்லச் சொல்லுங்கள். சில வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதுமே உட்காரும். முடித்ததும் கழுத்தடியில் தடவிக் கொடுத்து நேராகப் படுக்கைக்குக் கொண்டுவந்து விடுங்கள். விளையாட்டும் பிஸ்கட்டும் அந்நேரத்தில் கூடாது. ஒரு முறை கொடுத்தால் மறுநாள் அதற்காகவே எழுப்பும்.

இடம் எது என்பதில்தான் இந்தப் பகுதிக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. எந்தத் தரையில் கால் பட்டால் போகலாம் என்பதைக் குட்டி எட்டு, ஒன்பது வார வயதுக்குள் ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. எண்ணூர்க் குப்பத்து மணலில் பிறந்த குட்டி மணலைத் தேடும். பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூண்டில் அடைபட்டிருந்த குட்டிக்குத் தரை எல்லாமே ஒன்றுதான். படுத்த இடத்திலேயே போய்ப் பழகியிருக்கும், அதை மாற்றக் கூடுதல் பொறுமை வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. தாயிடம் கற்க வேண்டியதை அது கற்று வரட்டும்.

மணலில் பழகிய குட்டியைக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தால், அகலமான பிளாஸ்டிக் தட்டில் மணல் பரப்பி மொட்டைமாடியிலோ தாழ்வாரத்திலோ வையுங்கள். அதே மணலில் ஒரு பிடி கிடைத்தால் இன்னும் நல்லது. மணலை அடிக்கடி மாற்ற வேண்டும். குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே கொக்கிப்புழு வருகிறது. அதன் இளம்புழு மணலில் வளர்ந்து, வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளின் தோலுக்குள் நுழையும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

தெருவில் விட்டால் என்ன என்று கேட்கலாம். தடுப்பூசிகள் முடியும்வரை வேண்டாம். 1978இல் கண்டறியப்பட்ட பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலம் விழுந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிகளை ரத்தக் கழிச்சலில் சில நாட்களில் கொன்றுவிடும். மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதிலிருந்து நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றினால், அதன் சிறுநீர் வழியே வீட்டு மனிதர்களுக்கும் வரலாம். தடுப்பூசிக்கு வேப்பேரி போதும்; 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்குள் தவறிப் போய்விட்டால் துடைக்கும் விதம் முக்கியம். சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் கடலோரக் குழாயில் கசிவு ஏற்பட்டு மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்களே, அதே வாயுதான். தரையில் மிஞ்சுவது அணுவளவுதான் என்றாலும், இங்கேதான் போக வேண்டும் என்று குட்டிக்குச் சொல்ல அது போதும். பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. பழந்துணியால் ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் நேரடியாகக் கொட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் அது குழந்தைக்கும் ஆபத்து, குட்டிக்கும் ஆபத்து.

"ராத்திரி பூரா கத்துது, தூங்கவே வுடல" என்ற குறைக்குப் பெரும்பாலும் காரணம் சிறுநீர்ப்பை இல்லை, தனிமை. முந்தின நாள்வரை தாயின் வயிற்றுச் சூட்டில் நான்கைந்து உடம்புகளுக்கு நடுவே கிடந்த உயிர் அது. வெளியே கட்டிப்போட்டால் அழாமல் என்ன செய்யும்? பெரிய வீடுகளுக்கு எழுதப்பட்ட புத்தகங்கள் குட்டிக்குத் தனி அறை ஒதுக்கச் சொல்கின்றன. எல்லோரும் பாய் விரித்து ஒரே அறையில் படுக்கும் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிச்சி போகக் கழுவி, பழைய போர்வையை மடித்துப் போட்டு, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்குமேல் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் போய்விடும். தெர்மாகோல் பெட்டி கூடாது, கடித்து விழுங்கும். வலைநூலும் தூண்டில் முள்ளும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

லாரி இரைச்சலை நினைத்துக் கவலை வேண்டாம். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை குட்டி கேட்பதும் பார்ப்பதும் அதற்கு இயல்பான உலகமாகிவிடும். அந்த வயதில் யாராவது மடியில் வைத்திருக்க, ஏர் ஹாரனும் கப்பல் சங்கும் கேட்டு வளர்ந்த குட்டி பிறகு அவற்றுக்கு அஞ்சுவதில்லை.

அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, நன்றாகப் பழகிய பிறகு திடீரென வீட்டுக்குள் போகத் தொடங்கினாலோ அது பழக்கக் குறைவு இல்லை, நோய். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

குட்டியைத் தூக்கிவரும் முன்பு பதினொன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்று நேரத்துக்கும் யார் யார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு நேரத்துக்கு ஆள் இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் பொறுத்து, மூன்று மாதக் குட்டியாகக் கொண்டுவாருங்கள். தூக்கம் போகிறதே என்று பத்தாம் நாள் அதைத் துறைமுக வாசலில் விட்டுவிட மட்டும் வேண்டாம்.