சிறுவர் வழக்கில் வக்கீலின் வேலை

18 வயது நிரம்பாதவர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அதை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு நடுவர், இரு சமூகப் பணியாளர்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிடிபட்ட சிறுவனை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு கூடவே கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லாத குடும்பம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கோவையில் அது நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. தொலைபேசி உதவி எண் 15100. சிறாருக்கு இலவச சட்ட உதவி தர வருமான வரம்பு பார்ப்பதில்லை.

எதிர்வாதம் என்றதும் குறுக்கு விசாரணைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சிறுவர் வழக்கில் பாதிப் போராட்டம் அதற்கு வெகு முன்பே, காகிதங்களில் நடந்து முடிகிறது. முதல் காகிதம் வயதுச் சான்று. குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பதே கணக்கு. பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதாரை வயதுக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று 2024இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த பையனுக்கு இங்கேதான் சிக்கல். வேலைக்காக வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பான். பள்ளிச் சான்று சொந்த ஊரில் கிடக்கும். வக்கீல் அதை வரவழைக்காவிட்டால் அவன் பெரியவர்களுக்கான சிறைக்கே போய்ச் சேரலாம். நல்லவேளையாக, வயதுக் கோரிக்கையைத் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பச் சட்டம் இடம் தருகிறது.

ஜாமீன் தருவதே இங்கு முறை. மறுத்தால்தான் காரணம் எழுத வேண்டும். தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்றுக்குள் அது அடங்க வேண்டும். குற்றம் பெரிது என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே பையனை நம்பி ஒப்படைக்கத் தாத்தா வீடோ சித்தி வீடோ உண்டு என்று காட்டுவது நீண்ட வாதத்தைவிடப் பலன் தரும். ஜாமீன் கிடைக்காதவர், விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்க நேரும்.

கடினமான கட்டம் 16 முதல் 18 வயது. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடிய குற்றம் என்றால், பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று குழுமம் மதிப்பிடும். குற்றத்தைச் செய்யச் சிறுவனுக்கு இருந்த மனத்திறன், உடல்திறன், விளைவை உணரும் திறன், குற்றம் நடந்த சூழ்நிலை ஆகியவை அதில் அலசப்படும். குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையெனில் உளவியலாளர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மதிப்பீடு பாதகமானால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும், மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. குழந்தைகள் நீதிமன்றத்திலும் மரண தண்டனையோ விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. குழுமமே வழக்கை முடித்தால், அதிகபட்சம் 3 ஆண்டு சிறாரைச் சீர்திருத்தும் சிறப்பு இல்லத்தில் வைக்கலாம்.

கொலை மட்டுமல்ல, காதலும் இந்த வலையில் சிக்குகிறது. ஓடிப்போன ஜோடியில் இருவருக்கும் 17 என்றாலும், பெண் வீட்டார் புகார் கொடுத்தால் பையன்மீது, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பாயும். ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலைய வழக்கொன்றை 2021இல் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், பதின்வயதுக் காதலைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமல்ல என்றது. சிறுவனுக்கு வாதாடும் வக்கீலுக்கு அந்தத் தீர்ப்பு நல்ல துணை.

குழுமம் குற்றத்தை உறுதி செய்தாலும் அது வேலைக்கோ படிப்புக்கோ தடையாகாது. மேல்முறையீட்டுக் காலம் போன பின் ஆவணங்களை அழிக்க வேண்டும். சிறுவயது வழக்கைக் காட்டி மத்திய தொழிற்பாதுகாப்புப் படை வேலையை மறுத்தது தவறு என்று 2019இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.