சுடச் சொல்பவரும் நிறுத்தச் சொல்பவரும்

‘நிறுத்து!’ என்று சொல்லும் வேலை – 9

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கடலை ஒட்டிய செங்குத்துப் பாறைகளின் மேல் விரிந்து கிடக்கிறது காசில்மார்ட்டின் ராணுவப் பயிற்சி நிலம். 2012 மே 2 அன்று ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 21 வயதுச் சிப்பாய் ஒருவர் அங்கே சக வீரர்களோடு ஓய்வில் இருந்தார். பாதுகாப்பான இடம் என்று ஒதுக்கப்பட்ட பகுதி அது. அந்த நம்பிக்கையில் ஹெல்மெட்டையும் கவச உடையையும் கழற்றி வைத்திருந்தார். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழு இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த தோட்டா ஒன்று அவர் தலையில் பாய்ந்தது. உயிர் போய்விட்டது.

வழக்கு முடிய ஆறு ஆண்டுகள் ஆயின. 2018-ல் ராணுவ நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. விசையை இழுத்தவர் அந்த மூவரில் இல்லை. பயிற்சிக்குத் திட்டம் வகுத்த கேப்டனுக்கு, கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 18 மாதச் சிறை. அந்தத் திட்டத்தைச் சரிபார்த்திருக்க வேண்டிய மூத்த அதிகாரியும், அன்று களத்தில் பயிற்சியை நடத்திய வாரன்ட் ஆபீசரும் கடமையில் அலட்சியம் காட்டியவர்களாகத் தீர்ப்பிடப்பட்டார்கள்.

சுட்டவர் செய்தது தனக்குக் காட்டப்பட்ட இலக்கை நோக்கிச் சுட்டது மட்டும்தான். அந்த இலக்கை எங்கே நடுவது, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது மற்றவர்களின் வேலை. அந்த ‘மற்றவர்களை’ யார் நியமிக்கிறார்கள், என்ன தகுதி பார்த்து நியமிக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

சர்தாருக்கும் சார்ஜென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்

சென்ற வாரம் நிலக்கரிச் சுரங்கத்தின் சர்தாரைப் பார்த்தோம். விஷவாயு இருக்கிறதா, கூரை உறுதியாக நிற்கிறதா என்று சோதித்துத் தொழிலாளர்களை உள்ளே விடுபவர். சந்தேகம் வந்தால் வெளியேற்றுபவர். அவருடைய தகுதிச் சான்றிதழை அவருக்குச் சம்பளம் தரும் கம்பெனி கொடுக்க முடியாது. தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் தேர்வில் தேறினால்தான் கிடைக்கும்.

ராணுவத்தில் கதை வேறு. சுட்டுப் பழக வேண்டும் என்று உத்தரவிடும் படைப்பிரிவேதான், தன் ஆட்களில் ஒருவரைப் பாதுகாப்பு மேற்பார்வையாளராகவும் நியமிக்கிறது. அவர் ஒரு சார்ஜென்ட்டாக இருக்கலாம். இளநிலை அதிகாரியாக இருக்கலாம். அவருடைய பதவி உயர்வு, விடுப்பு, ஆண்டு மதிப்பீடு எல்லாமே பயிற்சியை எப்படியாவது இன்றைக்குள் முடிக்க விரும்பும் மேலதிகாரியின் கையில். அந்த மேலதிகாரியைப் பார்த்தே ‘நிறுத்துங்கள்’ என்று அவர் சொல்ல வேண்டும். கீழ்ப்படிதலையே முதல் பாடமாகக் கற்றுத்தரும் நிறுவனத்துக்குள் இப்படி ஒரு பதவி. இந்த முரண்பாட்டைச் சமாளிக்கத்தான் ராணுவங்கள் பக்கம் பக்கமாக விதிகள் எழுதி வைத்திருக்கின்றன.

தோட்டா எவ்வளவு தூரம் போகும்?

விதிகளுக்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. இன்றைய காலாட்படை வீரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் தோட்டா தடையில்லாமல் பறந்தால் மூன்று கிலோமீட்டர் தாண்டும். 7.62 மில்லிமீட்டர் தோட்டா நான்கு கிலோமீட்டர் வரை போகும். சுடுபவர் குறிபார்ப்பதோ முந்நூறு, நானூறு மீட்டரில் இருக்கும் பலகையை. குறி தப்பினால் மீதி தூரம் முழுக்க அது யாரோ ஒருவரின் ஊர்.

இலக்குக்குப் பின்னால் மண்மேடு எழுப்புவது அதனால்தான். ஆனால் பாறையிலோ, கெட்டித் தரையிலோ, தண்ணீர்ப் பரப்பிலோ சாய்வாகப் பட்டால் தோட்டா தெறித்துத் திசை மாறும். அதையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அபாயப் பகுதி வரையப்படுகிறது. சுடும் இடத்தில் தொடங்கி, இலக்கைத் தாண்டி, இருபுறமும் அகலமாகப் பரவும் வடிவம் அது. அமெரிக்க ராணுவத்தின் கணக்கில், ஆபத்தான துண்டு ஒன்று அந்த எல்லையைத் தாண்டி வெளியே விழும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வடிவத்தை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும்போது, அதற்குள் ஒரு கூடாரமோ, பாதையோ, குடிசையோ வந்தால் அங்கே அந்தத் திசையில் சுடக் கூடாது.

காசில்மார்ட்டினில் தவறியது இந்தப் படிதான். இலக்குகள் வைக்கப்பட்டிருந்த விதத்தில், அவற்றை நோக்கிச் சுட்டாலே தோட்டாக்கள் அந்த ஓய்விடத்தின் பக்கம் பறக்கும்படி ஆகிவிட்டது.

மூன்று கைகள்

பிரிட்டிஷ் முறையில், உண்மையான தோட்டாவோடு நகர்ந்து சுடும் பயிற்சிக்கு முதலில் எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம் வேண்டும். திட்டமிடும் அதிகாரி அதை எழுதுவார். அவரைவிட அனுபவமுள்ள மூத்த அதிகாரி அதைச் சரிபார்த்து ஒப்பமிடுவார். களத்தில் நடத்துவது மூன்றாமவரின் பொறுப்பு. அவருக்குக் கீழே, சுடுபவர்களின் தோளுக்குப் பின்னால் நடப்பவர்கள்தான் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள். யார் எந்தக் கோணத்துக்கு மேல் துப்பாக்கியைத் திருப்பக் கூடாது, முன்னால் ஓடும் சக வீரர் எங்கே இருக்கிறார், எப்போது சுடுவதை நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணெதிரே கவனிப்பவர்கள் இவர்களே.

மேற்பார்வையாளர் அந்தக் குறிப்பிட்ட ஆயுதத்தில் தேர்ச்சி பெற்றவராக இருக்க வேண்டும். துப்பாக்கி சுடத் தெரிந்தவருக்கு எறிகுண்டுப் பயிற்சியை மேற்பார்வையிடும் தகுதி தானாக வந்துவிடாது. பிரிட்டனில் இந்தக் கல்வியின் வேர், 1853-ல் ஹைத் என்ற ஊரில் தொடங்கிய துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி. அதன் வழிவந்த சிறு ஆயுதப் பள்ளிப் படைப்பிரிவு இன்றும் பயிற்சித் தளங்களை நடத்துவதற்கான பாடத்தைக் கற்றுத்தருகிறது. காலாட்படையில் ஒரு சிறு குழுவுக்குத் தலைவராக உயர வேண்டுமென்றால், போர் உத்தியோடு சுடுதளம் நடத்தும் பாடத்திலும் தேற வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தில் இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் பயிற்சியின் பொறுப்பதிகாரி. மற்றவர் தளப் பாதுகாப்பு அதிகாரி. இருவருக்கும் படைப்பிரிவின் தலைவர் எழுத்து மூலம் சான்று தர வேண்டும். ஆயுதமும் பயிற்சியும் சிக்கலாக ஆக, அவர்களுக்கு வேண்டிய குறைந்தபட்சப் பதவியும் உயரும். உள்ளே நுழைவதற்கு முன், அந்த முகாமின் தளக் கட்டுப்பாட்டு அலுவலகம் தன் நிலத்துக்கே உரிய விதிகளை அவர்களுக்கு விளக்கும். இந்த அலுவலகம் சுடும் படைப்பிரிவின் கட்டளையில் இயங்குவதில்லை. வயர்லெஸ்ஸில் அது அனுமதி கொடுத்த பிறகுதான் முதல் தோட்டா வெடிக்கலாம். சர்தாருக்குச் சான்று தரும் வெளியார் அளவுக்கு இல்லாவிட்டாலும், வீட்டுக்குள்ளேயே உருவாக்கிக்கொண்ட ஒரு வெளியார் என்று இதைச் சொல்லலாம்.

வேறு வேலை கிடையாது

இந்த விதிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன வரி. தளப் பாதுகாப்பு அதிகாரிக்குப் பயிற்சி நடக்கும்போது வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. தோட்டா எண்ணிக் கொடுப்பது, மதிப்பெண் குறிப்பது, வந்திருக்கும் கர்னலுக்கு விளக்கம் சொல்வது எதுவுமே அவர் வேலை இல்லை.

ஆள் பற்றாக்குறை உள்ள எந்த அமைப்பிலும் முதலில் மீறப்படுவது இப்படிப்பட்ட வரிதான். ‘சும்மாதானே நிற்கிறார், இதையும் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கல்யாண வீட்டில் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள உட்காரவைத்த ஆளையே பந்தி விசாரிக்கவும் அனுப்பினால் பாயசம் அடிபிடிப்பதைப் போலத்தான் இதுவும். மேற்பார்வையாளரின் கண்ணை வாங்கிக்கொண்ட நிமிடத்தில் அவருடைய நியமனம் செத்துவிடுகிறது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஆபத்தைக் கண்டால் சுடுவதை நிறுத்தச் சொல்லும் உரிமை தளத்தில் நிற்கும் கடைசிச் சிப்பாய்க்கும் இருக்கிறது. நேற்றுச் சேர்ந்தவர் கத்தினாலும் எல்லாத் துப்பாக்கிகளும் ஓய வேண்டும். ஏன் கத்தினாய் என்ற கேள்வி பிறகுதான். படிநிலையையே உயிராகக் கொண்ட அமைப்பு, இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் படிநிலையைத் தள்ளி வைக்கிறது.

சுட்டு முடித்த பின்

சத்தம் நின்றதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு துப்பாக்கியின் அறையையும் திறந்து காட்டி, காலி என்று உறுதி செய்ய வேண்டும். தன்னிடம் தோட்டாவோ காலிக் கூடோ இல்லை என்று வீரர்கள் வாய்விட்டு உறுதிமொழி தர வேண்டும். பீரங்கித் தளமாக இருந்தால் வெடிக்காமல் புதைந்த குண்டுகளைக் குறித்துவைத்து, நிபுணர்களைக் கொண்டு அழிக்க வேண்டும்.

இதில் குறை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் காஷ்மீரின் தோசா மைதானம் சாட்சி. 1964 முதல் 2014 வரை குத்தகையில் பீரங்கித் தளமாக இருந்த அந்த மேய்ச்சல் நிலத்தில், வெடிக்காமல் கிடந்த குண்டுகளால் ஆடு மேய்க்கப் போனவர்களும் குழந்தைகளும் உயிரையும் கைகால்களையும் இழந்தார்கள். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் யாரோ ஒருவர் கையெழுத்திட்டு மூடியிருக்க வேண்டிய கணக்கு அது.

கையெழுத்து மட்டும் போதுமா?

மறுபடி காசில்மார்ட்டினுக்கு வருவோம். அங்கே விதிகள் இல்லாமல் இல்லை. திட்டமிட ஒருவர், சரிபார்க்க ஒருவர், நடத்த ஒருவர் என மூன்று கைகளும் இருந்தன. மூன்றும் சேர்ந்தே தவறின. காரணம் எளிமையானது. முதல் ஆள் சரியாகப் போட்டிருப்பார் என்று இரண்டாமவர் நம்பினால், இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள் என்று மூன்றாமவர் நம்பினால், மூன்று சோதனைகள் நடந்ததாகக் காகிதம் சொல்லும். நிஜத்தில் ஒன்றுகூட நடந்திருக்காது. நியமனக் கடிதம் ஒருவரைப் பொறுப்பாளியாக்கும். தகுதியுள்ளவராக்காது.

அந்தத் தீர்ப்பின் கனம் இங்கேதான் இருக்கிறது. சரிபார்க்கும் வேலையை அலங்காரக் கையெழுத்தாக நினைக்க முடியாது, அதற்கும் குற்றவாளிக் கூண்டு உண்டு என்று அது சொல்லிவிட்டது. ஆனாலும் பிரிட்டனில் தண்டிக்கப்படுவது தனிமனிதர்களே. பாதுகாப்பு அமைச்சகத்தின் மேல் பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி குற்ற வழக்குத் தொடர முடியாது. அரசுக்கு உள்ள சட்ட விலக்கு அது; கண்டனம் பதிவு செய்யலாம், அவ்வளவே. 2015-ல் படைத் தளபதிகளின் கட்டளைச் சங்கிலிக்கு வெளியே பாதுகாப்புத்துறைப் பாதுகாப்பு ஆணையம் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சுரங்கச் சர்தாரின் ஏற்பாட்டை நோக்கி, தாமதமாக எடுத்துவைத்த ஒரு அடி.

நார்த்தாமலை

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அவன் இறந்தான். தமிழக அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. தளத்தை மூட உத்தரவு வந்தது. அது ராணுவத் தளம் இல்லைதான். ஆனால் தோட்டாவுக்குச் சீருடையின் நிறம் தெரியாது. இலக்குக்குப் பின்னால் ஊர் இருக்கும் இடத்தில் யார் சுட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தியாவில் திறந்தவெளிச் சுடும் பயிற்சிகளுக்கு அடிப்படை 1938-ஆம் ஆண்டின் சட்டம். மாநில அரசின் அறிவிக்கை, ஊருக்கு முன்னறிவிப்பு, சேதத்துக்கு இழப்பீடு என்று அது பெரும்பாலும் நிலத்தைப் பற்றியே பேசுகிறது. ஜார்க்கண்டின் நேதர்ஹாட்டில் ஆதிவாசிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போராடி, 2022-ல் அங்கே சுடுதளத்துக்கான அறிவிக்கை நீட்டிக்கப்படாமல் தடுத்தார்கள். நிலத்தைக் குறித்து மக்கள் கேள்வி கேட்டதால் கிடைத்த பதில் அது. அதே கேள்வியை ஆட்களைக் குறித்தும் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். சுடுதளப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சான்று தருவது, சுடும் படைப்பிரிவுக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பாக இருக்க வேண்டும். பயிற்சி நேரத்தில் அவருக்கு வேறு வேலை தரக் கூடாது. பயிற்சி நாளில் அவருடைய பதவியும், பயிற்சியை நிறுத்தச் சொல்லி ஊர்க்காரர் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணும் பக்கத்துக் கிராமத்துப் பலகையில் எழுதப்பட வேண்டும். இவற்றில் எதுவும் ராணுவ ரகசியம் ஆகாது. உங்கள் ஊர்ப் பக்கம் சுடுதளம் இருந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை எழுத்தில் கேளுங்கள். சுடும் நாளில் தளத்தில் சிவப்புக் கொடி ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்.

(தொடரும்)