இரண்டு நாள் மதுரைக்கா? ரூமை ஊர் நடுவில் போடுங்கள்!

பிள்ளைகளுக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தால் போதும், "எங்கேயாவது போகலாமே" என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிடும். ரயில் டிக்கெட், துணிமணி, வழிக்குப் புளியோதரை என்று எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் முன்பே திட்டம் போட்டுவிடுவோம். தங்குகிற இடத்தை மட்டும் கடைசி நிமிஷத்தில் முடிவு செய்வோம். "ரூமிலேயா உட்கார்ந்திருக்கப் போறோம்? ராத்திரி தலையைச் சாய்க்கத்தானே! எது மலிவோ அதைப் போட்டுடலாம்" என்பார்கள் வீட்டு ஆண்கள்.

அவர்களைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ரூமை அதிகமாக உபயோகிப்பவர்கள் யார்? கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டியவள், ஈரத்துணி மாற்ற வேண்டியவள், முட்டிவலிக்கார மாமியாரைப் படுக்கவைக்க வேண்டியவள், எல்லாம் நாம்தானே! ரூம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஊர் சுற்றுவது நமக்குச் சந்தோஷமாக இருக்குமா, சள்ளையாகப் போகுமா என்பது தெரியும். பல குடும்பங்கள் போய்வரும் மதுரையையே உதாரணமாக எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

மதுரையில் மீனாட்சியம்மன் கோயில்தான் நடு. அதைச் சுற்றி முதலில் சித்திரை வீதிகள், அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் சதுரமாக இருக்கும். வெளி வீதிகள் இருக்கும் இடத்தில்தான் அந்தக் காலத்துக் கோட்டை இருந்தது. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் அதை இடிக்க ஏற்பாடு செய்தார். அந்த வேலையைப் பார்த்தவர்களில் ஒருவரான பெருமாள் மேஸ்திரியின் பெயரில்தான் இன்றும் வீதிகள் இருக்கின்றன. லாட்ஜுகள் வரிசையாக இருக்கும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும் அதில் ஒன்று.

கோயிலுக்கு மேற்கே ரயில் நிலையம். இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு கிலோ மீட்டர்தான். ஸ்டேஷனுக்கு எதிரே தொடங்கும் டவுன் ஹால் ரோடு கோயில் பக்கமாகவே போகிறது. டவுன் பஸ்கள் நிற்கும் பெரியார் பஸ் நிலையமும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான். ஆனால் சென்னை, திருச்சி, திருநெல்வேலி பஸ்கள் வந்து நிற்கும் மாட்டுத்தாவணி, கோயிலிலிருந்து சுமார் ஆறு கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் எதிரே தெரிகிற லாட்ஜில் ஏறிவிடுவது சுலபம். மறுநாள் காலையிலிருந்துதான் அலைச்சல் ஆரம்பமாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஊருக்கு வெளியே ஒரு குடும்ப ரூம் நாளொன்றுக்கு 1,200 ரூபாய், அதே மாதிரி ரூம் ஊர் நடுவில் 1,800 என்று வைத்துக்கொள்வோம். "அறுநூறு ரூபா மிச்சமாச்சே!" என்று தோன்றும். சரி, காலையில் கோயிலுக்குப் போக ஓர் ஆட்டோ. பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அந்த மூன்றரை மணி நேரம் ரூமுக்குத் திரும்ப ஓர் ஆட்டோ, சாயந்திரம் வர ஒன்று, இரவு திரும்ப ஒன்று. நாலு தடவைக்கு, தடவைக்கு 150 ரூபாய் என்றாலே அந்த அறுநூறும் தீர்ந்துபோச்சு. போக்குவரத்து நெரிசலில் ஒவ்வொரு தடவையும் அரை மணி என்றால், ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ரோட்டிலேயே கழிந்துவிடும். இரண்டே நாள் பயணத்தில் அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஆட்டோ காசைப் பார்த்து மத்தியானம் திரும்பாமலே இருந்துவிட்டால்? அங்கேதான் ஆரோக்கியத்துக்கே கேடு வருகிறது.

மத்தியான ஓய்வும் கழிவறையும்

நானும் என் நாத்தனாரும் ஒரே சமயத்தில், குடும்பத்தோடு மதுரைக்குப் போனோம். அவர்கள் வீட்டில் முன்பே ஊருக்கு வெளியே ரூம் பார்த்துவிட்டார்கள். பெரிய ரூம், புதுக் கட்டடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு சந்தில் சின்ன ரூம் கிடைத்தது.

பகலில் நடை சாத்தினதும் நாங்கள் பத்து நிமிஷம் நடந்து ரூமுக்கு வந்துவிட்டோம். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டு, சாப்பிட்டு, காலைத் தூக்கி வைத்து இரண்டு மணி நேரம் தூங்கினார். நாத்தனாரின் மாமியாரோ, "எதுக்கு வீண் செலவு, இங்கேயே எங்கேயாவது உட்கார்ந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். கடை நிழலிலும் திண்ணையிலும் பொழுதைக் கழித்தார்கள். அந்த அம்மாள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சா போகணுமே, எங்கே போறது?" என்றார். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

அன்று இரவு பள்ளியறை பூஜை. சுவாமியின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளச் செய்வார்கள். ஒன்பது மணியை ஒட்டி நடக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்று இரண்டு பெரியவர்களுக்கும் எத்தனையோ வருஷத்து ஆசை. என் மாமியார் தெம்பாக நின்று கண்ணாரச் சேவித்தார். அந்த அம்மாளுக்குக் கால் வீங்கி, உடம்பு துவண்டு, ஏழு மணிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஊருக்குப் போன மூன்றாம் நாள் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து, டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்.

தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் பெண்களுக்கு இந்தத் தொற்று வர வழி செய்யும் காரணங்கள். பெரியவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் கவனம் வேண்டும். மாதவிலக்கு நாட்களில் துணி மாற்ற ஓர் இடம் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கே தெரியும். நடந்து திரும்புகிற தூரத்தில் ரூம் இருப்பது சொகுசு இல்லை சகோதரிகளே, அவசியம்!

இன்னொரு சௌகரியமும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனை அனுமதிப்பதில்லை. ரூம் பக்கத்தில் இருந்தால் பூட்டி வைத்துவிட்டே கையை வீசிக்கொண்டு போகலாம்.

எது "நடு" என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாம் போகப்போகிற இடங்களை முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். திருமலை நாயக்கர் மகால் கோயிலிலிருந்து ஒன்றரை கிலோ மீட்டருக்குள். 1959ல் திறந்த காந்தி மியூசியம் வைகைக்கு வடக்கே. காந்திஜி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது, பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். வண்டியூர் தெப்பக்குளம் கிழக்கே. திருப்பரங்குன்றம் தெற்குப் பக்கம் எட்டு கிலோ மீட்டர், அழகர்கோயில் வடக்கே இருபது கிலோ மீட்டருக்குமேல். நாலா பக்கமும் போக வேண்டியிருப்பதால், டவுன் பஸ் கிடைக்கிற பெரியார் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட இடமே எல்லாவற்றுக்கும் பொது.

விளம்பரத்தில் "கோயிலுக்கு மிக அருகில்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். செல்போன் மேப்பில் லாட்ஜ் பெயரைப் போட்டு, கோயிலுக்கு நடந்துபோக எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். பெரியவர்களுக்கு அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிஷத்துக்குள் என்றால் நல்லது.

போன் செய்து கேட்க வேண்டியவை

* கணக்கு 24 மணி நேரமா, பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்யணுமா? விடியற்காலை ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் ஒரு குளியலுக்கு ஒரு நாள் வாடகை போய்விடும்.
* லிஃப்ட் உண்டா? பழைய லாட்ஜுகள் பலவற்றில் கிடையாது. இல்லையென்றால் கீழ்த்தளத்து ரூம் கேளுங்கள்.
* வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா?
* ரூம் ரோட்டைப் பார்த்ததா, உள்பக்கமா? தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை! குழந்தை தூங்க வேண்டுமானால் உள்பக்கம் நல்லது. ஆனால் ஜன்னல் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.
* எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு? வரியும் சேர்த்து மொத்தம் எத்தனை?
* ரூமைக் காலி செய்த பிறகு, ரயில் நேரம் வரை பெட்டிகளை வைத்திருப்பார்களா?
* சொந்தக் காரில் போவதானால் நிறுத்த இடம் உண்டா? சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள்.

முன்பின் தெரியாத நம்பரிலிருந்து "ரூம் காலி இருக்கு, அட்வான்ஸ் அனுப்புங்க" என்றால் உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். லாட்ஜின் நம்பருக்கு நீங்களே போன் செய்து விசாரித்துக்கொள்வதுதான் பத்திரம். பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்துவையுங்கள்.

போனதும் செய்ய வேண்டியது

அட்வான்ஸ் கட்டுமுன் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உள்ளே சரியாக விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பாத்ரூம் தரை வழுக்குகிறதா, தலையணை உறை சுத்தமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூச்சமே வேண்டாம், காசு கொடுப்பது நாம். வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வை, கொசுவத்தி, துணி காயப்போடக் கொஞ்சம் கயிறு, ஒரு சோப்பு கொண்டுபோனால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஊர் நடுவில் தங்குவது எப்போது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரைத் திருவிழா சமயத்தில் கூட்டம் அலைமோதும். மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லிவைக்காமல் அந்தப் பக்கம் ரூம் கிடைப்பது கடினம். கல்யாணத்துக்காகப் போகிறீர்கள், மண்டபம் வேறு பக்கம் என்றால், அந்த மண்டபம்தான் உங்களுக்கு நடு. யாருக்காக, எதற்காகப் போகிறோமோ அதற்குப் பக்கத்தில் தங்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

வருஷம் முழுக்க அடுப்படியில் நிற்கிற நமக்குக் கிடைப்பது இந்த இரண்டு நாள்தான். அதில் ஒரு மத்தியானமாவது மின்விசிறியைச் சுழலவிட்டு, யாருக்கும் காபி போட வேண்டாமென்ற நிம்மதியோடு கண்ணயர வேண்டாமா? அடுத்த தடவை வீட்டில் ரூம் பற்றிப் பேச்சு வரும்போது, "தலையைச் சாய்க்கத்தானே" என்று யாராவது சொன்னால், "ஆமாம், மத்தியானமும் சாய்க்கணும்!" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.